‘இறேசர்ஹெட்’: பார்ப்பவர்களும் திரையிடுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்க நெறியாளர் டேவிட் லிஞ்ச் எடுத்த முதல் முழுநீளப் படம் ‘இறேசர்ஹெட்’. 1977இல் வெளிவந்தது. கறுப்பு வெள்ளை, 89 நிமிடம். வீட்டில் தனியே பார்க்க நினைப்பவர்களுக்கும், யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்திலோ ரியூசன் கொட்டிலிலோ நாற்பது ஐம்பது பேருக்குத் திரையிட நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் ‘முடிவில் நடப்பது என்ன?’ என்ற கேள்வியைத் தாண்டிப் போகவும்.

கதை என்ன?

ஹென்றி ஸ்பென்சர் அச்சுத் தொழிலாளி. தொழிற்சாலைகள் சூழ்ந்த, பச்சை என்று ஒன்றுமே கண்ணில் படாத ஒரு நகரத்தில் ஒற்றை அறையில் இருக்கிறான். அந்த அறையின் யன்னலைத் திறந்தால் செங்கற் சுவர்தான் தெரியும். அவன் பழகிய மேரி என்ற பெண்ணின் வீட்டில் இருந்து இராச் சாப்பாட்டுக்கு அழைப்பு வருகிறது. போன இடத்தில், குறைமாதத்தில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, அதற்கு நீதான் தகப்பன், கலியாணத்தைக் கட்டு என்கிறாள் மேரியின் தாய். அந்தப் பிள்ளை மனிதப் பிள்ளை மாதிரி இல்லை. நீண்ட கழுத்து, பக்கவாட்டில் கண்கள், கழுத்துக்குக் கீழே முழுக்கத் துணிக்கட்டு. மேரி பிள்ளையோடு ஹென்றியின் அறைக்கு வருகிறாள். இரவிரவாக அழுகை. நித்திரையில்லாமல் களைத்துப்போன அவள் தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அதன் பிறகு அறைக்குள் ஹென்றியும் பிள்ளையும்தான். கனவு எது, நடப்பது எது என்ற எல்லை அங்கிருந்து கரையத் தொடங்குகிறது.

ஒன்றும் விளங்காத படம் என்கிறார்களே?

மேலே உள்ள கதையில் விளங்காதது எது? ஆயத்தம் இல்லாத ஒருவன் தகப்பனாகிறான், பயப்படுகிறான், அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறான். ‘நடுவில் வரும் அந்தப் புழு எதன் குறியீடு, தொடக்கத்தில் ஒரு கிரகத்தில் இருந்து நெம்புகோல்களை இயக்குகிற மனிதன் யார்’ என்று ஒவ்வொன்றுக்கும் விடை தேடத் தொடங்கினால்தான் படம் கைநழுவுகிறது. லிஞ்ச் தன் வாழ்நாள் முழுவதும் இந்தப் படத்துக்கு விளக்கம் சொல்ல மறுத்தார். தன் படங்களில் இதுவே மிகவும் ஆன்மிகமானது என்றார். படப்பிடிப்புக் காலத்தில் பைபிளில் கண்ட ஒரு வசனம் முழுப் படத்தையும் தனக்குத் தெளிவாக்கியது என்றும் சொன்னார். எந்த வசனம் என்று மட்டும் சொல்லவில்லை.

நாங்கள் சொல்வது இதுதான்: குறியீட்டைத் தேடாதீர்கள், ஹென்றியின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எங்கே அவன் தோள் ஒடுங்குகிறது, எப்போது மூச்சு நிற்கிறது, எதைக் கேட்டுத் திடுக்கிடுகிறான். ஜாக் நான்ஸ் என்ற நடிகர் வசனம் அதிகம் இல்லாமலே இவ்வளவையும் செய்கிறார்.

பயங்கரமான காட்சி எதுவும் இல்லாத இடங்களிலும் ஏன் வயிற்றைப் பிசைகிறது?

இரண்டு காரணம்: நேரம், சத்தம்.

நேரத்தை முதலில் எடுப்போம். ஹென்றி லிஃப்டுக்குள் ஏறிப் பொத்தானை அமத்துகிறான். கதவு மூடவில்லை. அவன் நிற்கிறான், நாங்களும் நிற்கிறோம். வேறு படத்தில் வெட்டி எறிந்திருப்பார்கள். இங்கே அந்தக் காத்திருப்பு முழுவதும் எங்கள் தலையில் விழுகிறது. படம் தொடங்கிப் பத்து நிமிடம் அளவுக்கு ஒருவரும் வாய் திறந்து கதைப்பதில்லை. மேரி வீட்டை விட்டுப் போகும் காட்சியையும் கவனியுங்கள். கட்டிலின் கால்மாட்டில் குந்தி, கம்பிகளுக்கு இடையால் முகம் தெரிய, எதையோ பிடித்து இழுக்கிறாள். கட்டில் ஆடுகிறது. மறுபடியும் இழுக்கிறாள். என்ன செய்கிறாள் என்று தெரியாமல் பார்ப்பவருக்குப் பதற்றம் ஏறுகிறது. கடைசியில் கட்டிலுக்குக் கீழே இறுகியிருந்த சூட்கேஸ் வெளியே வருகிறது. அவ்வளவுதான் விசயம்.

அடுத்தது சத்தம். இந்தப் படத்தில் முழு அமைதி என்பது அநேகமாக இல்லை. நீராவிக் குழாயின் சீறல், எங்கோ ஓடும் இயந்திரம், காற்று, மின்சார இரைச்சல் என்று ஏதோ ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் அந்த இரைச்சலின் தன்மை மாறும். அறையின் சுவர்களைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் அளந்துவிடுகிறோம். ஒலியை அலன் ஸ்பிளெற் என்பவரும் லிஞ்சும் சேர்ந்தே உருவாக்கினார்கள். கட்டில் தண்ணீர்க் குளமாக மாறும் காட்சிக்கு, குளியல் தொட்டியில் மிதக்கவிட்ட ஒரு போத்தலுக்குள் மைக்கை வைத்துக் காற்றை ஊதிப் பதிவு செய்தார்கள். ஸ்பிளெற்றுக்குப் பின்னர் வேறொரு படத்தின் ஒலிக்காக ஒஸ்கார் சிறப்பு விருதும் கிடைத்தது.

சாப்பாட்டு மேசைக் காட்சியில் சிரிப்பு வந்தது. பிழையா?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அது சிரிக்கவும் வேண்டிய காட்சி. சம்பந்தம் பேசப் போன வீட்டில், மாப்பிள்ளையாகப் போகிறவன் கதிரை நுனியில் இருந்துகொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் ஓம், இல்லை என்று முழிக்கும் நிலையை எங்கள் ஊரில் காணாதவர் இல்லை. ஹென்றியும் அப்படித்தான் இருக்கிறான்.

உற்றுப் பார்க்க வேண்டியது அந்த வீட்டுக் குசினி. அசைவே இல்லாமல் இருக்கிற பாட்டியின் மடியில் மேரியின் தாய் சலாட் கிண்ணத்தை வைக்கிறாள். பாட்டியின் இரண்டு கையையும் தானே பிடித்து, கரண்டிகளால் இலையைக் கிளறுகிறாள். வேலை முடிந்ததும் பாட்டியின் வாயில் ஒரு சிகரெட்டை வைத்துப் பற்றவைக்கிறாள். முன்னறையில் நாயொன்று குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறது. குட்டிகள் உறிஞ்சும் சத்தம் மற்ற எல்லாவற்றையும் மீறிக் கேட்கிறது. மேசையில் கைப்பிடி அளவுக் கோழிகள். தகப்பன் தன் கை மரத்துப்போனது என்று சொல்லி, வெட்டும் வேலையை ஹென்றியிடம் கொடுக்கிறார். கத்தியை வைத்தவுடன் கோழியின் கால்கள் மேலும் கீழும் அசைகின்றன, கறுப்பாக எதுவோ வழிகிறது. பிள்ளைப்பேறு பற்றிய பேச்சு வருவதற்கு முன்பே அந்த மேசையில் ஒரு பிள்ளைப்பேற்றைக் காட்டிவிட்டார் லிஞ்ச்.

பிள்ளையை எப்படிச் செய்தார்கள்?

லிஞ்ச் கடைசிவரை சொல்லவில்லை. இணையத்தில் உலவும் விளக்கங்கள் எல்லாம் ஊகம்.

இவ்வளவு சின்னப் படத்தை எடுக்க ஏன் ஐந்து வருடம்?

காசு. அமெரிக்கத் திரைப்பட நிறுவகத்தில் மாணவராக இருந்தபோது கிடைத்த 10,000 டொலருடன் 1972 மே மாதம் படப்பிடிப்புத் தொடங்கியது. எழுத்துப்பிரதி இருபது பக்கம் சொச்சம். லொஸ் ஏஞ்சலிஸில் அந்த நிறுவகம் இருந்த மாளிகையின் பழைய குதிரை லாயக் கட்டடங்களில் செட் போட்டார்கள். பணம் தீர்ந்ததும் வேலை நின்று நின்று போனது. லிஞ்ச் பத்திரிகை விநியோகித்துக் காசு சேர்த்தார். நண்பர்கள் கொடுத்தார்கள். நடுவில் ஒளிப்பதிவாளர் மாறினார்: தொடங்கியவர் ஹேர்பர்ட் கார்ட்வெல், தொடர்ந்தவர் ஃபிரெடெரிக் எல்ம்ஸ். அந்த மாற்றம் திரையில் தெரிவதே இல்லை. ஹென்றி கதவின் கைப்பிடியைத் திருப்பும் ஷொட்டுக்கும், அதே கதவால் உள்ளே வரும் ஷொட்டுக்கும் இடையில் ஒன்றரை வருடம் போனது என்று லிஞ்ச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு காலமும் நான்ஸ் அந்த நட்டுக்கொண்டு நிற்கும் தலைமயிரை வைத்திருந்தார்.

1977 மார்ச்சில் லொஸ் ஏஞ்சலிஸ் திரைப்பட விழாவொன்றில் முதன்முதலாகக் காட்டினார்கள். அந்தப் பிரதி இன்னும் நீளமானது. அதன் பின் லிஞ்ச் ஏறத்தாழ 20 நிமிடத்தை வெட்டினார். பென் பாரன்ஹோல்ற்ஸ் என்ற விநியோகஸ்தர் நியூயோர்க்கில் நள்ளிரவுக் காட்சிகளாக ஓட்டியதால்தான் படம் பிழைத்தது. 2004இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

முடிவில் நடப்பது என்ன?

ஹென்றி கத்தரிக்கோலை எடுத்துப் பிள்ளையின் துணிக்கட்டை வெட்டுகிறான். உள்ளே தோல் இல்லை. கட்டுத்தான் தோலாக இருந்திருக்கிறது. உறுப்புகள் திறந்து கிடக்கின்றன. அவன் குத்துகிறான். மின்சாரம் தாறுமாறாகிறது, விளக்கு விட்டுவிட்டு எரிகிறது, தொடக்கத்தில் கண்ட கிரகம் வெடிக்கிறது, நெம்புகோல்களை இயக்கிய மனிதனால் அவற்றை அடக்க முடியவில்லை. பிறகு வெண்மை. ஹென்றியின் அறையைச் சூடாக்கும் றேடியேற்றருக்குள் பாடுவதாக அவன் கண்ட பெண் அவனை அணைத்துக்கொள்கிறாள்.

இதை விடுதலை என்பவர்களும் உண்டு, கொலைக்குப் பிறகு வந்த தற்கொலை என்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வெட்டுவதற்கு முன் பிள்ளையின் முகத்தை மறக்கக்கூடாது. அது பயப்படுகிறது. அந்தப் பயத்தை லிஞ்ச் மறைக்கவில்லை. முடிவை வெறும் ‘ஆனந்தம்’ என்று வாசிப்பவர்கள் அந்த ஷொட்டைத் தாண்டிப் போகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

படத்தின் பெயர் நடுவில் வரும் கனவில் இருந்து வருகிறது. ஹென்றியின் தலை கழன்று விழ, ஒரு பையன் அதைப் பென்சில் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறான். அங்கே அதில் இருந்து பென்சில் நுனி அழிறப்பர் செய்து பார்க்கிறார்கள்.

யார் பார்க்கக்கூடாது? முன்னெச்சரிக்கை தேவையா?

தேவை. பிள்ளைகளுக்கு ஏற்ற படம் இல்லை, 18 வயதுக்கு மேல் என்று அறிவித்தலிலேயே போடுங்கள். கர்ப்பிணிகள், அண்மையில் குழந்தை பெற்றவர்கள், குழந்தையை இழந்தவர்கள் ஆகியோருக்கு நோயுற்ற குழந்தைக் காட்சிகள் இருக்கின்றன என்று முன்பே சொல்லுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குக் கடைசிப் பகுதியின் விளக்குத் துடிப்பு ஆபத்து.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. யுத்த காலத்தில் பங்கருக்குள் இருந்து வானத்து இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, நிற்காமல் ஓடும் அடிக்குரல் இரைச்சல் வெறும் திரைச் சத்தமாகக் கேட்காது. ‘படம் முழுக்கத் தாழ்ந்த இரைச்சல் இருக்கும், வெளியே போக விரும்பினால் பக்கக் கதவு திறந்திருக்கும்’ என்று தொடக்கத்தில் ஒரு வரி சொன்னால் போதும். அந்தக் கதவைப் பூட்டாமல், வாங்கு போட்டு மறிக்காமல் விடுங்கள். எழும்பிப் போனவரைப் பிறகு ஏன் என்று கேட்கவேண்டாம்.

வீட்டில் பார்ப்பதென்றால்?

இரவு, விளக்கு அணைத்து, ஒரே இருப்பில், இடையில் நிறுத்தாமல். மடிகணினியின் சின்ன ஸ்பீக்கரில் பார்ப்பது வீண்: கீழ் அலைவரிசைகளை அது எழுப்பாது, பாதிப் படம் போய்விடும். காதை முழுதாக மூடும் ஹெட்போன் நல்லது. கைபேசித் திரையில் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் பத்து நிமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஹென்றி தெருவில் இருந்து கட்டடத்துக்குள், லிஃப்டுக்குள், அறைக்குள் போவதைக் காதால் பின்தொடர முடியும்.

எந்தப் பிரதி?

கிறைற்றீரியன் நிறுவனம் 2014இல் வெளியிட்ட, 4கே தரத்தில் மீட்டெடுத்த பிரதி. ஒன்று கவனம்: அதன் அமெரிக்க புளூ-ரே வட்டு வலயம் ஏ. இலங்கை வலயம் சி. வலயப் பூட்டு இல்லாத பிளேயர் இருந்தால்தான் ஓடும். யூடியூப்பில் கிடக்கும் துண்டுகளில் ஒலியை நசுக்கி ஏற்றியிருப்பார்கள், அவற்றை வைத்துப் படத்தை மதிப்பிட வேண்டாம். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி வேறாக வேண்டும்.

மண்டபத்தில் திரையிட என்ன வேண்டும்?

இருட்டுத்தான் முதல் தேவை. இந்தப் படத்தில் பாதிக்கு மேல் நிழல். பின்னேரம் ஐந்து மணிக்குக் கிறில் யன்னல் வழியே வெயில் வந்தால் ஹென்றியின் கறுப்புக் கோட்டும் சுவரும் ஒன்றாகிவிடும். ஏழு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். தெருவிளக்குப் பக்க யன்னலைத் தடித்த துணியால் மறையுங்கள்.

மூன்று மீற்றர் அகலப் படத்துக்கு 3,000 லூமன் புரொஜெக்டர் போதும். சாதாரண புரொஜெக்டரை ஏறத்தாழ நாலரை மீற்றர் தள்ளி வைக்க வேண்டிவரும். கட்டில் விரிப்பைத் திரையாகக் கட்டினால் காற்றுக்கு ஆடும், சுருக்கத்தில் முகம் நெளியும். பளபளப்பில்லாத வெள்ளை பூசிய சுவர் அதைவிட நல்லது. படம் இருட்டாக இருக்கிறதே என்று ‘பிறைற்னஸ்’ஸைக் கூட்டாதீர்கள், கறுப்பெல்லாம் சாம்பலாகும். ‘சினிமா’ நிலையில் வைத்து, தேவையானால் காமாவை (இடைப்பட்ட சாம்பல் நிறங்களின் வெளிச்சத்தை) மட்டும் சிறிது மாற்றுங்கள். ஆரம்பத்தில் இருந்தே கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், மடிகணினி கறுப்பு முதல் வெள்ளை வரையான வீச்சைச் சுருக்கி, ‘லிமிட்டெட்’ அளவில் அனுப்புகிறது, புரொஜெக்டர் முழு வீச்சை, ‘ஃபுல்’ அளவை எதிர்பார்க்கிறது. இது தலைகீழாக இருந்தால் நிழலுக்குள் இருக்கும் விபரங்கள் மொத்தமாகக் கறுத்துப்போகும். இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். சோதிக்க நல்ல இடம் ஹென்றியின் அறை: கோட்டின் மடிப்பு தெரிந்தால் சரி.

ஒலிக்கு?

எட்டு அல்லது பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு, திரையின் இருபக்கமும், இருப்பவரின் காது உயரத்தில். சுற்றொலி அவசியமில்லை. சத்தத்தைப் பிள்ளையின் அழுகைக்கு வைத்து அளந்தால் மற்ற இடமெல்லாம் கேட்காது; இரைச்சலுக்கு வைத்து அளந்தால் அழுகை காதைக் கிழிக்கும். கைபேசியில் ஒரு ஒலி அளவிச் செயலியைப் போட்டு நடுவரிசையில் வையுங்கள். அறை இரைச்சல் 60 முதல் 65 டெசிபெல், அழுகையின் உச்சம் 85ஐத் தாண்டாமல் என்றால் சரியாக இருக்கும்.

இனி, இந்தப் படத்துக்கே உரிய சிக்கல். எர்த் சரியில்லாத மண்டபத்தில் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று 50 ஹேர்ட்ஸில் இரையும். வேறு படமென்றால் உடனே பிடிபடும். இதில் படத்தின் இரைச்சல் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டு இருப்பார்கள். படத்தை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் தொடர்ந்தால் அது உங்கள் வயரில். மடிகணினி, புரொஜெக்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்ரென்சனில் இருந்து எடுங்கள். மடிகணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒலி வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் (இந்த இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கருவி) போடுங்கள். எர்த் கம்பியை வெட்டுவது தீர்வல்ல, ஆளைக் கொல்லும்.

கரண்ட் போகும் பயத்தில் ஜெனரேற்றர் வைத்தால் கட்டடத்துக்குப் பின்னால், குறைந்தது முப்பது மீற்றர் தள்ளி. முடியுமென்றால் இன்வேட்டர் நல்லது. கூரை ஃபானை படம் தொடங்குமுன் முழு வேகத்தில் ஓடவிட்டு மண்டபத்தைக் குளிராக்கி, பிறகு ஆகக்குறைந்த வேகத்துக்கு இறக்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கூரை மண்டபத்தைத் தவிருங்கள், மழை விழுந்தால் ஒன்றும் கேட்காது. அயற்கோயில் திருவிழா நாட்களையும் பாருங்கள். ஒலிபெருக்கிக்கு எதிரே இந்தப் படம் நிற்காது.

தமிழ் உபதலைப்பு?

வசனம் மிகக் குறைவு, நீங்களே ஓரிரு மாலைக்குள் எழுதிவிடலாம். உபதலைப்பு எழுதிய எஸ்ஆர்ரி (SRT) கோப்பை யூரிஎஃப்-8 (UTF-8) குறிமுறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் திரையில் கட்டம் கட்டமாக வரும். விஎல்சி பிளேயரில் உபதலைப்புக் குறிமுறையையும் அதற்கு மாற்றி, தமிழ் எழுத்துரு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தூய வெள்ளை எழுத்து இருட்டுக் காட்சியில் கண்ணைக் கூசவைக்கும். வெளிர் சாம்பல், சிறிய அளவு. சத்தங்களுக்கு உபதலைப்புப் போடாதீர்கள்.

கலந்துரையாடலை எப்படி நடத்துவது?

படத்துக்கு முன் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசவேண்டாம். எச்சரிக்கை, நெறியாளர், ஆண்டு போதும். விளக்கம் சொல்லித் தொடங்கினால் பார்ப்பவர்கள் அந்த விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

முடிந்ததும் உடனே விளக்கைப் போடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். முதல் கேள்வி ‘என்ன அர்த்தம்?’ என்று இருந்தால் நாலுபேர் பேச, மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ‘எந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது?’ என்று கேளுங்கள். படம் பிடிக்காதவருக்கும் அதற்குப் பதில் இருக்கும். அதற்குப் பிறகு ‘எங்கே சிரித்தீர்கள்?’, ‘யாருடைய பக்கம் நின்றீர்கள்?’

கடைசிக் கேள்வியில் ‘பெத்த தாயே விட்டிட்டுப் போறாளே’ என்று மேரியைக் குற்றம் சொல்பவர்கள் எழும்புவார்கள். அப்போது போகுமுன் உள்ள காட்சியை நினைவூட்டுங்கள்: பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துவது அவள், அது துப்புவதைத் துடைப்பது அவள், அழும்போது எழும்புவது அவள். ஹென்றி கட்டிலில் கிடந்து றேடியேற்றரைப் பார்க்கிறான். பாதி மண்டபம் மனம் மாறாவிட்டாலும் பேச்சு படத்துக்குள் திரும்பி வரும்.

இது பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்க்கலாம்?

முன்னோக்கிப் போனால் லிஞ்சின் இரண்டாவது படம் ‘எலிஃபன்ற் மான்’, 1980. ‘இறேசர்ஹெட்’டைப் பார்த்துவிட்டுத்தான் தயாரிப்பாளர் மெல் புறூக்ஸ் அந்தப் படத்தை லிஞ்சிடம் ஒப்படைத்தார். அதிலும் கறுப்பு வெள்ளை, அதிலும் ஸ்பிளெற்றின் ஒலி. ஆனால் நேரான கதை, யாரும் பார்க்கலாம்.

பின்னோக்கிப் போனால் இரண்டு குறும்படங்கள். ‘கிராண்ட்மதர்’, 1970: அன்பு கிடைக்காத ஒரு பையன் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, தனக்கொரு பாட்டியை வளர்க்கிறான். ஹென்றியின் கட்டிலருகே மண் குவியலில் நட்டிருக்கும் காய்ந்த குச்சியை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். மற்றது ‘அல்ஃபபெற்’, 1968, நான்கு நிமிடம். திரையிடலில் இதை முதலில் போடுங்கள்: பிந்தி வருபவர்கள் இருந்துகொள்ளவும், நீங்கள் மண்டபம் நிறைந்த நிலையில் ஒலி அளவைத் திருத்திக்கொள்ளவும் அந்த நான்கு நிமிடம் உதவும்.